பின்வரிசையில் நிற்பவர்

சென்ற ஞாயிறு பிற்பகல் ஒரு நண்பரைக் காண்பதற்காகக் குண்டசாலைக்குச் சென்றிருந்தோம். கண்டியிலிருந்து தென்னக்கும்புரப் பாலத்தைக் கடந்து திகன நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பயணம் செய்தவர்கள் அவ்வூரை அறிவர். மதுரையிலிருந்து பெண் கொண்ட நரேந்திரசிங்க மன்னன் வாசம் செய்த ஊர் என்பது பழங்கதை. இக்காலத்துப் பிள்ளைகளுக்கோ அது முத்தையா முரளிதரனின் ஊர். அவருடைய தந்தையார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியதும் அங்கேதான். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய ஒருவர் பிறந்து வளர்ந்த சூழலில், 2009இல் பல்லேகலை விளையாட்டரங்கும் எழுந்துவிட்ட பின்பு, சிறுவர்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிவார்கள் என்றே எண்ணினோம். நண்பர் வீட்டுக்கு அருகிலிருந்த வெற்று நிலத்தில் அவர்கள் உதைபந்து ஆடிக்கொண்டிருந்தது நமக்கு வியப்பாகவும், உண்மையைச் சொன்னால் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

ஆட்டம் தொடங்கு முன்பே வழக்கு ஒன்று எழுந்தது.

"நான் பேக்குக்கு நிக்க மாட்டேன். நேத்தும் நான்தானே நின்னேன்!" என்றான் பத்து வயது மதிக்கத்தக்க ஒருவன்.

"உனக்கு ஓட ஏலாதே. பின்னுக்கு நில்லுடா" என்றான் மூத்தவன்.

உலகெங்கும் இதே வழக்குத்தான். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். கோல் விழாமல் தடுத்தவனை, அவன் ஒருமுறை தவறினாலன்றி, எவரும் நினைப்பதில்லை. சோகமாக நின்ற அந்தச் சிறுவனைப் பார்த்தபோது நமக்கு சைலேன் மன்னாவின் நினைவு வந்தது. இளம் நேயர்களில் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள்.

மன்னா 1924இல் கல்கத்தாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஹௌராவில் பிறந்தவர். 1942இல் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்து, 1960 வரை வேறு கழகம் எதற்கும் மாறாமல் அங்கேயே இடதுபுறப் பின்காப்பு ஆட்டக்காரராக விளங்கினார். எதிரியின் காலைத் தேடாமல் பந்தை மட்டும் தேடி எடுப்பவர் என்று பெயர் பெற்றவர். உதைபந்து அவருக்கு ஜீவனோபாயம் அன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் ஆடினார். அக்காலத்தில் பெரும் ஆட்டக்காரர் பலருக்கும் மாதச் சம்பளம் அலுவலகத்திலிருந்தும், கைதட்டல் மைதானத்திலிருந்தும் வந்தன.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டிக்குச் சுதந்திர இந்தியாவின் அணி சென்றது. நாகர் இனத்தவரான டாக்டர் தலிமெரன் ஆவ் அதன் தலைவர். ஜூலை 31ஆம் திகதி இல்ஃபோர்டில் பிரான்சுடன் ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் பாதணி அணியாது, காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு களமிறங்கினர். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கோல் அதுவே. இந்தியாவுக்கு இரண்டு தண்டனை உதைகள் கிடைத்தன. ஒன்றை மன்னாவும் மற்றொன்றை மகாவீர் பிரசாத்தும் தவறவிட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மற்றொரு கோலைப் போட்டு 2-1 என வென்றது.

தண்டனை உதை என்பது பன்னிரண்டு கஜ தூரம். எதிரே ஒரே ஒருவர். தவறினால் சாக்குச் சொல்ல இடமில்லை. வெறுங்காலால் வெறுங்கையோடு வந்தோம் என்று அன்று எத்தனை பேர் பரிகாசம் செய்தனரோ! ஆனால் அவ்வணியின் ஆட்டத்தைக் கண்ட ஆங்கிலேயர் பாராட்டவே செய்தனர். மன்னாவின் கால்கள் உருக்கால் ஆனவையோ என்று ஜார்ஜ் மன்னர் காற்சட்டையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தார் என்று ஒரு கதையும் வழங்கி வருகிறது. கதை மெய்யோ பொய்யோ, சொல்லச் சுவையானது.

இனித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயம். தண்டனை உதையைத் தவறவிட்டவரை இந்தியா ஒதுக்கிவிடவில்லை, அணித்தலைவராக்கியது. 1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் மன்னாவின் தலைமையில் இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மார்ச் 10ஆம் திகதி, பண்டித நேரு பார்த்திருக்க, ஈரானை 1-0 என வென்று தங்கப்பதக்கம் பெற்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் மேவாலால். ஈரானுக்கு ஒரு கோலும் விட்டுக்கொடுக்காமல் காத்தது பின்வரிசை.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் கதை தலைகீழானது. குளிர் நிறைந்த அந்நாட்டில் வெறுங்காலுடன் ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது இந்தியா. அதன் பின்னரே இந்தியச் சம்மேளனம் பாதணியைக் கட்டாயமாக்கியது. பழக்கம் என்பதை உதறுவதற்குப் பத்துக் கோல்கள் தேவைப்பட்டன!

இந்த 1952இலேதான் நம் கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளுக்கும் இடையே கொழும்புக் கிண்ணப் போட்டி ஆரம்பமானது. முதல் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. இந்தியக் குழுவின் தலைமை மன்னாவின் கையிலிருந்த காலம் அது. 1953இல் ஆங்கிலேய உதைபந்தாட்டச் சங்கத்தின் ஆண்டு மலர், உலகின் சிறந்த பத்து அணித்தலைவர்களுள் ஒருவராக அவரைச் சேர்த்திருந்தது. 1954இல் ஆசியப் போட்டிக்காக அவர் மணிலாவுக்கும் சென்றார். அங்கே இந்தியா முதற் சுற்றோடு திரும்பிவிட்டது.

மணிலா என்றதும் வேறொரு நினைவு. 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பிலிப்பைன்ஸ் அணி கொழும்புக்கு வந்து 1-1 எனச் சமன் செய்தது. சில நாட்களில் மணிலாவில் நம் அணி 4-0 எனத் தோற்றது. அக்காலத்தில் அந்நாட்டின் பின்வரிசையில் ஆடிய ராப் கியர், இங்கிலாந்தில் பிறந்து விம்பிள்டன் முதலிய கழகங்களில் சம்பளத்துக்கு ஆடிப் பழகியவர். தாய்நாட்டு உறவைத் தேடிச் சென்று அழைத்து வந்தவர்களுள் ஒருவர். இப்போது இலங்கையும் அவ்வழியே செல்கிறது. ஜேர்மனியில் பிறந்து டிரெஸ்டன் டைனமோ கழகத்துக்கு ஆடிய கிளாடியோ கமர்க்நெக்ட் 2024இல் நமது நாட்டு உடையை அணிந்தார். இது நல்லதே என்பது நமது கருத்து. ஆயினும் குண்டசாலையிலும் பொகம்பறையிலும் ஆடும் பிள்ளைக்கு அந்தச் சம்பளப் பாதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், இராணுவம், கடற்படை, பொலிஸ் முதலிய அணிகளைத்தான் விரல்விட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. மன்னாவின் காலம் இங்கு இன்னும் முழுமையாகக் கடந்துவிடவில்லை.

மன்னாவுக்கு 1971இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2012 பெப்ரவரி 27ஆம் திகதி, தமது 87ஆவது பிராயத்தில் அவர் காலமானார்.

இவ்வளவையும் அந்தச் சிறுவனிடம் நாம் சொல்லவில்லை. ஆட்டம் இடையில் நின்றபோது, வியர்வையுடன் மதிலோரம் வந்து அமர்ந்தவனிடம் இல்ஃபோர்டையும் டில்லியையும் மட்டும் சுருக்கமாகச் சொன்னோம். வாய் திறந்தபடி கேட்டான்.

"பெனால்டிய விட்டவரையா ஐயா, கெப்டன் ஆக்கினாங்க?"

"ஆம், தம்பி."

"அவரு பேக்கா?"

"ஆம்."

சற்று யோசித்தான். "டில்லியில கோல் போட்டது யாருன்னு சொன்னீங்க?"

"மேவாலால். அவர் முன்வரிசை."

"அப்ப நான் முன்னுக்கே ஆடுறேன் ஐயா" என்று எழுந்து ஓடினான். மூத்தவன் அவனைக் கழுத்தில் பிடித்துக் கோல் கம்பத்தருகே கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டே நாம் நண்பர் வீட்டுப் படலையைத் திறந்தோம்.