சென்ற வருஷத்துக் கோடு

தி. நகர் உஸ்மான் சாலையிலும், அடையாறு எல்.பி. சாலையிலும், மயிலாப்பூர் கச்சேரி சாலையிலும், நகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் மேலே முதல் மாடியில், மெடிக்கல் கோடிங் கற்பிக்கப்படும் என்ற விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. நுண்ணுயிரியலோ, செவிலியர் படிப்போ, பார்மசியோ முடித்து, அதற்குத் தகுந்த உத்தியோகம் கிட்டாத நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள், அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளை வாசித்து, வியாதிக்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைப் பொருத்தி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் பில்லுக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுக்கும் இந்தத் தொழிலை நம்பி அம்மாடிகளை ஏறுகிறார்கள். தொழிலை நம்புவதில் பிசகில்லை. எந்தக் கிரந்தத்தை நம்பிப் படிக்கிறார்கள் என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

நண்பர் ஒருவரின் மகள், தான் பணம் கட்டிச் சேர்ந்த நிலையத்தில் கொடுத்த ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அட்டையில் நிலையத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வருஷம் எங்குமே இல்லை. புதிய நோயாளியை மருத்துவர் தம் அறையில் பார்த்ததற்குரிய எண்களில் கீழ்ப்படியிலிருந்த 99201, 2021 ஜனவரி முதல் தேதியில் நீக்கப்பட்டுவிட்டது. அந்தக் கட்டில் மட்டும் அது சௌக்கியமாக வீற்றிருந்தது. அதே தேதியில், நோயாளியின் பூர்வ விவரத்தையும் பரிசோதனையையும் எண்ணிப் பார்த்துப் படியை நிர்ணயிக்கும் பழைய முறை போய், மருத்துவர் முடிவெடுத்ததன் சிக்கலையோ செலவிட்ட நேரத்தையோ கொண்டு நிர்ணயிக்கும் முறை வந்ததென்பதும் அதில் கிடையாது.

சென்ற வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருஷத்து முகூர்த்தத்தை யாரும் குறிப்பதில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாகப் பிரசுரித்த சி.பி.டி. என்னும் சிகிச்சை எண்களின் தொகுதி ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும், 2015 அக்டோபரிலிருந்து அந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட ஐ.சி.டி.-10-சி.எம். என்னும் வியாதி எண்களின் தொகுதி ஒவ்வொரு அக்டோபர் முதல் தேதியும் புதுப்பிக்கப்படுகின்றன. இவற்றுள் வியாதி எண்களையும், அவற்றைப் பிரயோகிக்கும் வழிகாட்டு விதிகளையும், எந்த இரண்டு சிகிச்சைகளுக்குச் சேர்த்துப் பில் போடக்கூடாதென்று சொல்லும் என்.சி.சி.ஐ. அட்டவணைகளையும் அமெரிக்க அரசே காசில்லாமல் வெளியிடுகிறது. சி.பி.டி. அப்படியல்ல, பதிப்புரிமை மருத்துவச் சங்கத்துக்குரியது, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே "முழு சி.பி.டி., இலவசம்" என்று வாட்ஸ்ஆப்பில் வருவது திருட்டுப் பிரதி; அநேகமாகப் பழைய பிரதியும்கூட.

எண்களைவிட விதிகளே முக்கியம் என்பேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தவருக்குரிய எண்ணின் ஏழாவது இடத்தில் ஏ, டி, எஸ் முதலிய எழுத்துகளில் ஒன்று வரவேண்டும். ஏ என்றால் முதல் தடவை, டி என்றால் அடுத்த தடவை என்று ஜெராக்ஸ் கட்டு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. மனப்பாடத்துக்கு அது சுலபந்தான். அதிகாரபூர்வமான விதியோ, முறிவுக்கு நேரடிச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரையில், நோயாளி எத்தனை முறை வந்தாலும், வேறொரு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தாலும், ஏ எழுத்தையே இடச் சொல்கிறது. அச்சிகிச்சை முடிந்து, எலும்பு கூடிவரும் கட்டத்தில் மாவுக்கட்டை மாற்றவோ பிரிக்கவோ வரும்போதுதான் டி. இப்படியே, "நிமோனியாவாக இருக்கலாம்" என்று மருத்துவர் எழுதினால், புறநோயாளிக்கு நிமோனியாவின் எண்ணைப் போடக்கூடாது, இருமல், காய்ச்சல் முதலிய அறிகுறிகளைத்தான் குறிக்க வேண்டும். உள்நோயாளி வீடு திரும்பும்போதும் அந்தச் சந்தேகம் தீராதிருந்தால், வியாதி இருப்பதாகவே பாவித்து எண் போடலாம். இந்த வித்தியாசம் தெரியாதவர் போடும் கிளெய்ம், டினையல் ஆகித் திரும்பி வரும்.

இத்தொழிலுக்குச் சான்றிதழ் தரும் சி.பி.சி. பரீட்சையில் நான்கு மணி நேரத்தில் நூறு கேள்விகளுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடையளிக்கலாம். புரட்டத் தெரிகிறதா என்பதைச் சோதிக்கும் பரீட்சைக்கு, பழைய வினாவிடைகளை உருப்போடச் செய்யும் போதனா முறை எப்படித்தான் பொருந்தியதோ! பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டியது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதல்ல (அதற்கு எந்த நிலையமும் தாராளமாகவே பதில் சொல்லும்), எந்த வருஷத்துப் புத்தகம் பிள்ளையின் கைக்கு வரும் என்பதே.

அந்தப் புத்தகங்களின் விலை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடையாறுக்குப் பக்கத்தில், கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், இந்தத் தொழிலுக்கென்று ஒரு மேஜை ஒதுக்கி, நடப்பு வருஷத்துப் பிரதிகளை வைத்துப் பராமரித்தால், ஜெராக்ஸ் கட்டுகளின் ஆதிக்கம் பெருமளவு குறையும். ஆனால் புத்தகத்தைக் கழிப்பதென்றால் நூலகருக்கு மனம் வராது; இங்கே வருஷத்துக்கு இரண்டு முறை புதியதை வருவித்து, பழையதை அலமாரியிலிருந்து அகற்றியே தீரவேண்டும். அகற்றிய பிரதிகள் லஸ் முனை நடைபாதைக் கடைகளுக்குப் போய், பாதி விலையில் இன்னொரு வித்யார்த்தியின் கைக்கு வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.