மெட்டுக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

திண்டுக்கல்லில் நான் அறிந்த இளம் இசையமைப்பாளர் ஒருவர், வீட்டின் மாடி அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக வைத்திருக்கிறார். திருவிழாப் பாடல்கள், குறும்படங்கள், தேர்தல் வந்தால் பிரசாரப் பாட்டு: அவருடைய வருமானம் இவைதாம். அண்மையில் அவரது சொந்தப் பாடலுக்கு ஒரு நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியது. ஒருமுறை மட்டும் ஒரு தொகை. பதிலுக்குச் ‘சகல உரிமைகளும் நிரந்தரமாக’. கையெழுத்திடலாமா என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு ‘என்ஜாய் எஞ்சாமி’ நினைவுக்கு வந்தது. 2021-இல் உலகெங்கும் ஒலித்த அந்தத் திரைசாராப் பாடலால் தனக்கோ, அறிவுக்கோ, தீக்கோ வருவாய் எதுவும் வரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். புகழ்பெற்றவருக்கே அந்நிலை என்றால் மாடி அறைக்காரர் என்ன செய்வார்?

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பின்னரும் ராயல்டியில் சமபங்கு கோரும் உரிமை இசையமைப்பாளரை விட்டுப் போகாது. ஒப்பந்தத்தில் காலவரையறை இல்லையெனில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ‘நிரந்தரமாக’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுவது அதனால்தானோ என்னவோ!

ஆனால் சமபங்கு தானாக வீடு தேடி வராது. ஐ.பி.ஆர்.எஸ். போன்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் பதிந்தாக வேண்டும். மெட்டமைப்பவர்கள் அலட்சியம் செய்வது இந்த எழுத்துவேலையைத்தான்.

ஐந்தாண்டு எனத் திருத்தி அவர் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.