அடுத்த தடவை பார்க்கலாம்

பள்ளி விடுமுறையில் அம்மாவுடன் லண்டன் போயிருந்தேன். எல்லாரும் பிக் பென் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் அம்மாவை ரயிலேற்றி வெம்பிளி அரீனாவுக்கு அழைத்துப் போனேன்.

"அங்கே என்னம்மா இருக்கு?"

2012 ஆகஸ்டு 5. ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. லின் டானிடம் முதல் செட்டை 21-15 என வென்ற நம் லீ சோங் வெய், அடுத்ததை 10-21 என விட்டார். மூன்றாவது 19-21. இரண்டே புள்ளி! மாமாக் கடையே வாயடைத்துப் போனது. அப்பாவின் தே தாரிக் ஆறி, ஆடை கட்டியிருந்தது. 2008இல் பெய்ஜிங்கில் தோற்றபோது சொன்னதையே அன்றும் சொன்னார்: "அடுத்த தடவை பார்க்கலாம்."

2016 ரியோவிலும் வெள்ளிதான். அதைப் பார்க்க அப்பா இல்லை.

அரீனா பூட்டியிருந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். "உங்கப்பா வந்திருந்தா, கதவைத் திறக்கச் சொல்லி சண்டை போட்டிருப்பார்," என்று அம்மா சிரித்தார்.

நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கம் இன்னும் வரவில்லை. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ். திரும்பும் ரயிலில் என்னையறியாமல் சொன்னேன்: "அடுத்த தடவை பார்க்கலாம்மா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.