பேய்க்கொடி நெரிக்கும், பெட்டி பணம் கேட்கும்!

செல்போனில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம் நடக்கிறது. 'ஹாரி பாட்டர்: ஹாக்வார்ட்ஸ் மிஸ்டரி' என்று பெயர். அமெரிக்காவின் ஜாம் சிட்டி கம்பெனி 2018 ஏப்ரலில் வெளியிட்ட விளையாட்டு இது.

சேரக் கட்டணம் இல்லை. புதிதாக வரும் பிள்ளை தன் முகம், தலைமுடி, பெயர் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளலாம். எந்த விடுதி என்று முடிவு செய்வது பேசும் தொப்பி. அது கதையில்! இங்கே பிள்ளை கேட்ட விடுதியைத் தொப்பி கொடுத்துவிடுகிறது.

பிறகு பாடம். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் 'சக்தி' செலவாகும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். விளையாட்டு வெளிவந்தபோது 4 நிமிடத்துக்கு 1 சக்திதான் ஊறியது. 25 சக்தி சேர 100 நிமிடம்! அவசரம் என்றால் ரத்தினக்கல் கொடுத்து வாங்கலாம். கையிருப்புக் கல் தீர்ந்தால்? அசல் பணம்தான்.

ஆரம்பத்திலேயே ஒரு பேய்க்கொடி மாணவனைச் சுற்றி நெரிக்கிறது. சரியாக அந்த நேரத்தில் சக்தி தீர்கிறது! குழந்தை பதறாமல் என்ன செய்யும்? 2018-லேயே பத்திரிகைகள் இதைக் கண்டித்தன.

உண்மையில் எத்தனை நேரம் காத்திருந்தாலும் கொடி மாணவனைக் கொல்வதில்லை. பதறும் குழந்தைக்கு அது தெரியாது. செல்போனில் கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி பூட்டும் வசதி உண்டு.