வேஷம் வந்தது, மரியாதை வரவில்லை

அக்டோபர் 31 வந்தால் கடலூர்ப் பிள்ளைகளுக்கும் பேய் வேஷம் போட்டு, 'ஹாலோவீன்' என்கிறார்கள். அது கலாசாரமாம். ஏரிக்கரையில் ஏழு கல்லுக்கு மஞ்சள் பூசிக் கன்னிமார் என்று கும்பிட்டால் மட்டும் மூடநம்பிக்கையாம்!

அயர்லாந்து விவசாயிக்கு அது அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் இரவு. மண்மேடுகளில் குடியிருக்கும் தேவதைகள் அன்று வெளியே உலவும் என்று நம்பினான், படையல் வைத்தான். அவன் குடைந்து விளக்கேற்றியது டர்னிப் கிழங்கு. பூசணிக்காய் அமெரிக்கா போன பிறகு வந்தது.

நமக்கோ ஐப்பசி அடைமழைக் காலம். சம்பா பச்சையாக நிற்கும். நம் அறுவடை தையில். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சாமிகள் தேவனாம்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். இதில் எதை நாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னோம்?

1999-இல் அயர்லாந்தின் கிளேர் பகுதியில் நெடுஞ்சாலைக்காகத் தேவதை மரம் ஒன்றை வெட்டப் பார்த்தார்கள். ஊர்க் கதைசொல்லி ஒருவர் எதிர்த்தார், மரம் பிழைத்தது. கன்னிமார் மரத்தில் கை வைக்க நம் பாட்டன்மாரும் பயந்தார்கள். கரை நின்றது, ஏரியும் நின்றது. அந்தப் பயத்தைக் கேலி செய்துவிட்டு வேஷத்தை மட்டும் வாங்கிவந்தால், எந்தக் கரை மிஞ்சும் ஐயா?