மாலை ஏழு மணி யார் பொறுப்பு?

உயர்கல்விக் கண்காட்சிகளில் நம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதைப் படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" கணினி, சட்டம், கணக்கியல், தாதிமை என்றால் பதில் உடனே வந்துவிடும். மாணவர் விடுதி நிர்வாகம் அல்லது பொழுதுபோக்கு வழிச் சிகிச்சை என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதைச் சாவிக்கொத்து வைத்திருப்பவரின் வேலை என்பார்கள். இரண்டாவதை முதியவர்களோடு பிங்கோ விளையாடுவது என்பார்கள். "அதுக்கு எதுக்கும்மா பட்டப்படிப்பு?" என்று அடுத்த கேள்வியும் வரும்.

இவ்விரு வேலைகளையும் நான் ஒன்றாக வைத்துப் பேசக் காரணம் உண்டு. இரண்டும், தன் வீடல்லாத ஓர் இடத்தில் வாழவேண்டிய ஒருவருக்காகச் செய்யப்படுபவை. 19 வயதில் பல்கலைக்கழக விடுதிக்குள் பெட்டியோடு நுழைபவரையும் 80 வயதில் தாதிமை இல்லத்துக்குள் நுழைபவரையும் எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் கட்டில் உண்டு, உணவு உண்டு, பாதுகாப்பு உண்டு. ஒருவருக்கு விரிவுரை, மற்றவருக்கு மருந்தும் உடற்பயிற்சியும் என்று பகலுக்கு ஓர் அட்டவணையும் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேல் யாரோடு பேசுவது, எதற்காக அறையை விட்டு வெளியே வருவது? இந்தக் கேள்விக்கு அட்டவணையில் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

அந்த நேரத்துக்குப் பொறுப்பேற்பது தகுதியும் பயிற்சியும் ஊதியமும் உள்ள ஒரு தொழிலாக மதிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் பேசும் இளையர்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும்தான்.

விடுதி என்றால் கட்டில் மட்டுமா?

நான் வளாக விடுதியில் இரண்டாவது ஆண்டாகத் தங்கிப் படிக்கிறேன். சிங்கப்பூரில் மாணவர் விடுதி வாழ்க்கை புதிதன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஏழாம் எட்வர்ட் மன்னர் விடுதியின் வரலாறு மருத்துவ மாணவர்களுக்காக 1916இல் தொடங்குகிறது. யூசோஃப் விடுதி 1958இல் பெண்களுக்கான விடுதியாகத் தொடங்கப்பட்டது. 2011இல் யூனிவர்சிட்டி டவுன் வந்தபோது, தெம்புசு கல்லூரி போன்ற தங்கும் கல்லூரிகளில் உறைவிடமும் வகுப்பறையும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

இந்த இடங்களில் பேராசிரியர்கள் சிலர் மாணவர்களோடு தங்கியிருக்கிறார்கள். மூத்த மாணவர்கள் தங்கும் உதவியாளர்களாக இருக்கிறார்கள். எங்கள் கண்ணில் அதிகம் படாத முழுநேர ஊழியர்களும் இருக்கிறார்கள். அறை ஒதுக்கீடு, பழுதுபார்ப்பு, தீ பாதுகாப்பு, வரவுசெலவுத் திட்டம் ஆகியவை அவர்கள் பொறுப்பு. நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்றால் முதலில் ஓடி வருவதும், ஒத்துப்போகாத இரு அறைத்தோழர்களை உட்கார வைத்துப் பேசுவதும் இவர்களில் ஒருவர்தான். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு எந்த மாடி, எந்தக் குளியலறை ஏற்றது என்று முன்கூட்டியே யோசிப்பவரும் இங்கு இருக்க வேண்டும்.

இவற்றில் மிக நுட்பமான வேலை கவனிப்பதுதான். உணவுக்கூடத்துக்கு மூன்று நாளாக வராத மாணவரை யார் கவனிக்கிறார்கள்? அவர் தேர்வுக்குப் படிக்கிறாரா, ஊர் நினைவில் அழுதுகொண்டிருக்கிறாரா, அல்லது இன்னும் ஆழமான சிக்கலில் இருக்கிறாரா என்பதை எப்படிக் கேட்பது? கதவைத் தட்டி "ஏன் சாப்பிட வரல?" என்று கேட்டால் "சும்மாதான்" என்ற பதிலோடு கதவு மூடிக்கொள்ளும். மூடாத வகையில் கேட்பது ஒரு திறன். அது பிறவிக் குணமாகச் சிலரிடம் இருக்கலாம். ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் தங்கும் ஒரு விடுதி, சிலரின் பிறவிக் குணத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அமெரிக்காவில் கல்லூரி விடுதி அதிகாரிகள் 1949இலேயே இலினோய் பல்கலைக்கழகத்தில் கூடித் தங்கள் முதல் மாநாட்டை நடத்தினார்கள். இன்று அங்கு விடுதி இயக்குநர் பணிக்கு வருபவர்களில் பலர் மாணவர் நலத் துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். ஆலோசனை, வளரிளம் பருவ உளவியல், நெருக்கடி நிர்வாகம், சட்டம் என அவர்கள் படிக்கும் பாடங்கள் நீளும்.

விடுதிகளில் தங்குபவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பல விடுதிகளில் அடுத்த ஆண்டும் இடம் வேண்டுமென்றால் இணைப்பாட நடவடிக்கைகளில் பங்கேற்றுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் ஏதோ ஓர் அளவுகோல் தேவைதான். ஆனால் புள்ளிக்காக ஆடும் நடனமும் புள்ளிக்காகப் போகும் கூட்டமும் களைப்பைத் தருகின்றன. ஓய்வு என்பதன் உயிர்நாடி, தான் விரும்பித் தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு. ஜான் நியூலிங்கர் என்ற உளவியலாளர் 1974இல் எழுதிய நூலில் இதைத்தான் ஓய்வின் முதல் அடையாளமாக வைத்தார். கூச்ச சுபாவம் உள்ள ஒரு மாணவர், இரண்டு பேரோடு அமைதியாகச் சதுரங்கம் ஆடித் தேறிவரலாம். அதற்குப் புள்ளி கிடைக்காது. அவருக்கும் விடுதி வாழ்க்கையில் இடம் உண்டு என்று திட்டமிடுபவர்தான் நமக்குத் தேவை.

பிங்கோவுக்குப் பின்னால் ஒரு திட்டம்

ஆங்கிலத்தில் தெரபியூட்டிக் ரெக்ரியேஷன் எனப்படும் பொழுதுபோக்கு வழிச் சிகிச்சையின் அடிப்படை எளிது. ஒருவருக்கு இழந்த திறனையோ நம்பிக்கையையோ மீட்டுத் தர, அவருக்குப் பிடித்த செயலையே கருவியாக்குவது. வெறும் கேளிக்கையிலிருந்து இதை வேறுபடுத்துவது செய்யும் முறை. முதலில் மதிப்பிடுதல், பிறகு இலக்கு வகுத்துத் திட்டமிடுதல், நடத்துதல், பலனை அளந்து பதிவுசெய்தல் என்று படிப்படியாக அது நடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இளமையில் கேரம் ஆட்டத்தில் அவரை வெல்ல ஆளில்லை. "கையை நீட்டி மடக்குங்க ஐயா" என்றால் இரண்டு முறை செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேரம் பலகையை முன்னால் வைத்தால் கை தானாக நீள்கிறது. ஸ்ட்ரைக்கரைச் சுண்ட விரல்களை அடக்கியாள வேண்டும். காயைக் குறிபார்க்க உடலைச் சற்று முன்னால் சாய்த்துச் சமநிலை காக்க வேண்டும். எதிரில் இருப்பவரோடு பேச வேண்டும், தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். 'நான்கு வாரத்தில், சாய்மானம் இல்லாமல் இருபது நிமிடம் உட்கார்ந்து ஆட வேண்டும்' என்று இலக்கு வைத்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் அது சிகிச்சை. பலகையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டால் அது பொழுதுபோக்கு மட்டுமே.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தேசியச் சான்றளிப்பு மன்றம் 1981இலிருந்து இயங்குகிறது. பட்டப்படிப்பு வழியாகச் சான்றிதழ் பெறுபவர் குறைந்தது 560 மணி நேரம் களப்பயிற்சி முடித்து, தேர்விலும் தேற வேண்டும். மருத்துவமனைகள், மனநலப் பிரிவுகள், முதியோர் இல்லங்கள், உடற்குறையுள்ளோர் நிலையங்கள் என அவர்கள் பல இடங்களில் பணிபுரிகிறார்கள்.

சிங்கப்பூரிலும் இந்தச் சிந்தனை வேர்விட்டிருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் தன் முதல் சிகிச்சைத் தோட்டத்தை 2016இல் ஹோர்ட்பார்க்கில் அமைத்தது. அத்தகைய தோட்டங்களை 2030க்குள் 30 ஆக உயர்த்துவது அதன் இலக்கு. அக்கம்பக்கத்தில் துடிப்பான மூப்படைதல் நிலையங்கள் பெருகியிருக்கின்றன. தோட்டமும் நிலையமும் கட்டிடங்கள். அவற்றை நடத்த ஆட்கள் வேண்டும்.

நம் மொழி தெரிந்தவர் வேண்டும்

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள். இந்தியர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். எனவே பல தாதிமை இல்லங்களில் ஒரு தளத்துக்கு ஓரிரு தமிழ் மூத்தோர் மட்டுமே இருப்பது இயல்பு.

நான் தொண்டூழியம் செய்யும் ஓர் இல்லத்தில் பிங்கோ எண்கள் மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கப்படும். அங்குள்ள ஒரு தமிழ்ப் பாட்டி அட்டையைக் கையில் பிடித்தபடி, பக்கத்தில் இருப்பவர் எந்தக் கட்டத்தில் காய் வைக்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊழியர்கள் அன்பானவர்கள்தாம், அவர்களிடம் குறை காண முடியாது. பாட்டியின் பதிவேட்டில் 'நடவடிக்கையில் பங்கேற்றார்' என்று எழுதப்பட்டிருக்கும். அவர் பங்கேற்றாரா? அடுத்த வாரம் "முப்பத்தேழு, பாட்டி" என்று தமிழில் சொன்னபோது, தன் பழைய வீட்டின் கதவிலக்கமும் அதுதான் என்றார். அதிலிருந்து ஒரு மணி நேரம் பேசினார்.

மறதிநோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற மொழிகள் நழுவி ஒருவர் தாய்மொழிக்கே திரும்புவதுண்டு. அப்போது தமிழ் பேசும் ஒருவர் பக்கத்தில் இருப்பது பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மொழியோடு நம்மிடம் கருவிகளும் இருக்கின்றன. கோலம் போட விரல் நுனியின் கட்டுப்பாடும் புள்ளிகளை எண்ணும் கவனமும் வேண்டும். தாயத்தில் கணக்கும் சிரிப்பும் உண்டு. பல்லாங்குழியும் மலாய்க்காரர்களின் சொங்காக்கும் ஒரே குடும்பத்து விளையாட்டுகள். ஒரு தமிழ்ப் பாட்டியும் ஒரு மலாய்ப் பாட்டியும் ஒரே பலகையில் உட்கார்ந்து, யாருடைய விதி சரி என்று வாதாடலாம். அந்த வாதமே நல்ல சிகிச்சை. இதையெல்லாம் தெரிந்த ஓர் இளையர், மதிப்பிடும் முறையையும் பதிவு செய்யும் முறையையும் கற்றுக்கொண்டால் அவருக்கு ஈடான ஆளைத் தேடுவது கடினம்.

தொண்டூழியர்கள் போதாதா?

தீபாவளிக்கு முந்திய வாரம் முறுக்கோடு வரும் குழுக்கள் அதிகம். தேர்வு வாரங்களில் அதே மண்டபம் வெறிச்சோடும். இது தொண்டூழியர்களின் குற்றமன்று. எங்களுக்கும் படிப்பு இருக்கிறது. ஆனால் முதுமைக்குத் தேர்வு விடுமுறை கிடையாது. தொண்டூழியம் ஒரு பணிக்குத் துணையாகலாம், அந்தப் பணிக்கு மாற்றாக முடியாது.

இத்துறையில் நுழைய இங்கு வழிகள் உள்ளன. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் செயல்முறை சிகிச்சையில் பட்டப்படிப்பை வழங்குகிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுமையியல் படிக்கலாம். லாசால் கலைக் கல்லூரியில் கலைவழிச் சிகிச்சைக்கு முதுநிலைப் படிப்பு உண்டு. உளவியல், சமூகப் பணி, ஆலோசனை ஆகியவற்றைப் படித்தவர்களுக்கு விடுதி நிர்வாகமும் மாணவர் நலப் பணியும் பொருத்தமானவை. சமூகப் பராமரிப்புத் துறை வேலைகள் பற்றி ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டறியலாம்.

சிக்கலையும் மறைக்கக்கூடாது. 2011இன் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி செயல்முறை, இயன்முறை, பேச்சு சிகிச்சையாளர்கள் பதிவு பெற்றே பணியாற்ற வேண்டும். பொழுதுபோக்கு வழிச் சிகிச்சைக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அதனால் 'நடவடிக்கை ஒருங்கிணைப்பாளர்' என்ற பெயரில் ஓரிடத்தில் திறன்மிக்க நிபுணர் இருப்பார். இன்னோரிடத்தில் பாட்டுப் பெட்டியை இயக்குபவர் இருப்பார். பதவி உயர்வுப் பாதையும் தெளிவாக இல்லை. பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

அந்தத் தயக்கம் தீர இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். நடவடிக்கைப் பணியாளர்களுக்கென அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் தரமும் அதற்கேற்ற ஊதியப் படிநிலையும் வர வேண்டும். பல்கலைக்கழகங்கள், தங்கும் உதவியாளர்களாக இருக்கும் மாணவர்களுக்கு முறையான பயிற்சி தந்து அதைப் பாடநெறி மதிப்பாகவும் கணக்கில் கொள்ள வேண்டும். நெருக்கடியில் ஒருவரிடம் பேசக் கற்றுக்கொண்ட மாணவர், பட்டம் பெற்ற பிறகு விடுதியிலோ மருத்துவமனையிலோ முதியோர் நிலையத்திலோ அதே திறனோடு பணியில் சேர முடியும்.

உயர்நிலைப் பள்ளியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிப்பவர்கள் இதை நாளையே தொடங்கலாம். உங்கள் புளோக்கிற்கு அருகிலுள்ள நிலையத்துக்குப் பண்டிகை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை போங்கள். பலகாரம் வேண்டாம். தமிழ் பேசும் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க தாத்தா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த செவ்வாயும் போங்கள். நான்கைந்து வாரம் கழித்தும் அந்த மாலைக்காக நீங்கள் காத்திருந்தால், அடுத்த உயர்கல்விக் கண்காட்சியில் எந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.