இடஞ்சுட்டினோம், பொருள் விளக்கினோமா?

பீட்டர் ஜாக்சன் இயக்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் முதற்படம் 2001 டிசம்பரில் வெளியாயிற்று. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. டோல்கீனின் நாவலை நேசிப்பவர் நால்வர் கூடினால் போதும், குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டுவிடும். டாம் பாம்படில் எங்கே போனார்? ஆர்வெனுக்கு ஏன் இத்தனை இடம்? ஹெல்ம்ஸ் டீப் போரில் எல்ஃபுகளின் படை எங்கிருந்து முளைத்தது? எதிர்த்தரப்பின் விடையும் எப்போதும் ஆயத்தமாகவே இருக்கும்: நாவல் வேறு, சினிமா வேறு, ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கலாகாது. தேநீர் ஆறும். கூட்டம் கலையும். அடுத்த சந்திப்பில் அதே வழக்கு, அதே வாதம், அதே தீர்ப்பின்மை.

இக்கூட்டங்களில் நாமும் அமர்ந்திருக்கிறோம். குற்றப்பத்திரிகையை உரத்த குரலில் வாசித்தவர்களுள் நாமும் உண்டு. ஆகவே இனி எழுதப்போவது பிறர்மீது மட்டும் வைக்கும் குற்றச்சாட்டு அன்று. ஒரு நூலை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அதன் பெயர்களை மட்டுமே காவல் காத்தோம். அதன் உயிர் களவு போனபோது உறங்கிவிட்டோம். நம் வாதம் இதுவே.

நாவலின் ஓர் இடத்தை நினைவுகூர்வோம். மொர்டோர் நாட்டின் எல்லையில், செங்குத்தான மலைப்படிகளில் ஏறிக் களைத்து, ஃப்ரோடோவும் சாமும் உறங்கிப்போகிறார்கள். சாமின் மடியில் ஃப்ரோடோவின் தலை. அவர்களைச் சிலந்தியின் குகைக்கு அனுப்பி மோதிரத்தைக் கவரத் திட்டமிட்டுவிட்டுத் திரும்பி வருகிறான் கோல்லம். உறங்கும் இருவரையும் காண்கிறான். அவன் கண்களில் இருந்த வெறி அவிகிறது. நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். தொடுதல் என்பதைவிட வருடல் என்பதே பொருந்தும். அந்தக் கணத்தில் அவன் அரக்கன் அல்லன். தன் காலத்தையும் சுற்றத்தையும் தொலைத்துவிட்டு, வாழ்நாள் வரம்பு மீறி நீண்டுபோன ஒரு முதியவன். அப்போது சாம் விழிக்கிறான். எசமானின் அருகில் கோல்லத்தின் கை தெரிகிறது. சாம் கடுஞ்சொல் ஒன்று சொல்கிறான். அவ்வளவுதான். கோல்லத்தின் கண்களில் பழைய பச்சை ஒளி திரும்புகிறது. திறக்கவிருந்த கதவு ஒன்று மூடிக்கொள்கிறது. பிறகு அது திறக்கவே இல்லை.

தம் கதையிலேயே மிகுந்த அவலம் நிறைந்த கணம் இதுவாக இருக்கலாம் என்று 1963இல் எழுதிய கடிதமொன்றில் டோல்கீன் குறிப்பிட்டிருக்கிறார். படைத்தவரே கைகாட்டிய இடம். கதையின் தீமை முழுவதையும் தொலைதூரக் கோபுரத்தில் இருக்கும் பகைவன்மீது சுமத்திவிட முடியாது. அன்பே உருவான சாமின் நாவிலிருந்தும் ஓர் உயிரின் மீட்சியைத் தடுக்கும் சொல் பிறக்கக்கூடும் என்பதை நாவல் இங்கே சொல்லிவிடுகிறது. சாம் கெட்டவன் அல்லன். அவன் நல்லவன் என்பதனால்தான், தன் எசமானைக் காக்க நினைத்தான் என்பதனால்தான், அச்சொல் பிறந்தது. இதைவிடக் கடினமான உண்மையை எந்த 'யதார்த்தவாத' நாவல் சொல்லியிருக்கிறது? மிகுபுனைவு என்றால் சிறுவர்க்கானது என்று ஒதுக்கும் நண்பர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கட்டும்.

2003இல் வெளியான மூன்றாம் படத்தில் இந்தக் கணம் இல்லை. அதன் இடத்தில் ஒரு ரொட்டித் திருட்டு இருக்கிறது. கோல்லம் வழிப்பயண ரொட்டியை மலையிலிருந்து வீசிவிட்டு, அதன் துகள்களைச் சாமின் உடைமீது தூவி, பழியை அவன்மேல் போடுகிறான். ஃப்ரோடோ அதை நம்பி, சாமை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். சாம் கண்ணீருடன் படியிறங்குகிறான். சூழ்ச்சிக்காரன் ஒருவன், ஏமாந்தவன் ஒருவன், பழி சுமந்த உத்தமன் ஒருவன். இந்த மூவரை நாம் எத்தனை படங்களில் கண்டிருக்கிறோம்!

பாம்படிலுக்காக எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்கு இதற்காக எழுந்ததா? நாம் இருந்த கூட்டங்களில் எழவில்லை. சாமின் கண்ணீருக்காக உருகினோம். அல்லது, சாமைப் போகச் சொல்லும் ஃப்ரோடோ நாவலில் இல்லையே என்று நிகழ்ச்சிப் பிழையைச் சுட்டினோம். நாவலில் தவறு இழைத்த சாம் படத்தில் மாசற்றவனாகிவிட்டான் என்பதை எவரும் சொல்லவில்லை. பாம்படில் நீக்கப்பட்டதால் நாவல் ஓர் அழகை இழந்தது. இந்தக் கணம் நீக்கப்பட்டதால் அது தன் மனச்சாட்சியை இழந்தது.

'சினிமா வேறு' என்பாரின் வாதம் இங்கே நிற்குமா என்று பார்ப்போம். பக்கம் பக்கமான வரலாற்றையும் பாடல்களையும் திரையில் கொண்டுவர இயலாது என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நாம் பேசும் காட்சியில் கோல்லம் திரும்பி வருவது முதல் சாம் விழிப்பது வரை அநேகமாகப் பேச்சே இல்லை. ஒரு முகம், ஒரு கை, உறங்கும் இருவர். இதைவிடச் சினிமாவுக்கு உகந்த காட்சி வேறெது? கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ், 2002இல் வந்த இரண்டாம் படத்திலேயே, பிளவுண்ட மனம் தன்னோடு தானே வாதாடுவதை முகத்தாலும் குரலாலும் காட்டியவர். கலைஞர் இருந்தார். கருவி இருந்தது. காட்சி நூலில் எழுதப்பட்டே இருந்தது. இல்லாதிருந்தது துணிவு ஒன்றுதான். நாயகர் பக்கத்தில் குற்றம் இருப்பதைக் கூட்டம் பொறுக்குமா என்ற ஐயம் துணிவைத் தின்றிருக்க வேண்டும்.

மாற்றம் என்பதையே நாம் மறுக்கவில்லை. தமிழ் படித்தவர் அதை மறுக்கவும் இயலாது. வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் படைத்துச் சேர்க்கிறான். மூலத்தில் இல்லையே என்று சொல்லி நாம் கம்பனைக் கூண்டில் நிறுத்துவதில்லை. ஏன் மாற்றினான், மாற்றியதால் காவியம் எதைப் பெற்றது என்றே கேட்கிறோம். அதே கேள்வியை ஜாக்சனிடமும் கேட்டால் போதும். போரமிரின் இறுதிப் போரை டோல்கீன் நேரில் காட்டுவதில்லை. அவன் வீழ்ந்த பின்னரே நாம் அவனருகே செல்கிறோம், அதுவும் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில். படமோ அதை முதற்பாகத்தின் இறுதிக்கு நகர்த்தி, அம்பு அம்பாக விரித்துக் காட்டுகிறது. மோதிரத்துக்கு ஆசைப்பட்டுத் தவறியவன் தன் உயிரைக் கொடுத்து ஈடுசெய்கிறான் என்ற நாவலின் பொருள் அதனால் கூர்மை பெற்றது. இது நல்ல மாற்றம். மூலத்தின் உள்ளம் அறிந்த மாற்றம்.

டோல்கீனும் இந்த அளவுகோலையே கையாண்டார். 1958இல் மார்ட்டன் கிராடி சிம்மர்மன் எழுதிய திரைக்கதை வரைவு ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. அதற்கு அவர் எழுதிய நீண்ட மறுப்பில் ஒரு கருத்து முதன்மையானது: எந்த ஊடகமாயினும் கதை சொல்லும் கலையின் நெறிகள் முற்றிலும் வேறாகிவிடுவதில்லை, மூலத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று அறியாமையே படங்களைக் கெடுக்கிறது. நூலில் எதையும் வெட்டக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. மரமனிதர்களாகிய என்டுகள், ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் ஆகிய இரண்டுக்கும் போதிய இடம் இல்லையெனில் போரை வெட்டிவிடுங்கள் என்றே சொன்னார். அவர் வெட்டலாம் என்ற அந்தப் போர்தான் 2002ஆம் ஆண்டுப் படத்தின் உச்சமாயிற்று. நம்மில் பலர் கைதட்டியதும் அதற்குத்தான். நூலின் காவலர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளுமுன் இதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி, முடிவைப் பற்றிய முணுமுணுப்புக்கு வருவோம். 201 நிமிடம் ஓடும் மூன்றாம் படத்தில் மோதிரம் அழிந்த பின்னும் கதை தொடர்வதைக் கண்டு பார்வையாளர் பலர் சலித்துக்கொண்டனர். திரை இருளும், எழுவார்கள், மீண்டும் ஒளி வரும், அமர்வார்கள். 'எத்தனை முடிவுகள்!' என்பது உலகெங்கும் நகைச்சுவையாயிற்று. நாவலைப் படித்தோர் சிலரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டதுதான் வியப்பு. நாவலின் ஆறாம் பகுதியில் ஒன்பது அத்தியாயங்கள். மோதிரம் மூன்றாம் அத்தியாயத்திலேயே அழிந்துவிடுகிறது. எஞ்சிய ஆறும் வீடு திரும்புதல் பற்றியவை. ஆசிரியர் எண்ணிச் செய்த பங்கீடு அது. 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர் அவர். 1918க்குள் தம் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர் தவிர மற்றெல்லோரையும் இழந்தவர். போர் முடிவதும் துயர் முடிவதும் ஒன்றல்ல என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

உண்மையில், படத்துக்கு முடிவுகள் மிகுதியாகிவிடவில்லை. இன்றியமையாத ஒரு முடிவு குறைந்துவிட்டது. நாவலில் நால்வரும் ஊர் திரும்பும்போது ஷயர் பாழ்பட்டுக் கிடக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, அண்டை வீட்டார் சிலர் ஆக்கிரமித்தவர்களின் ஏவலாளர் ஆகியிருக்கிறார்கள். உலகைக் காத்தவர் தம் தெருவையும் காக்கப் போராட வேண்டியிருக்கிறது. அப்போதும் ஃப்ரோடோ வாளெடுக்க மறுத்து, பிடிபட்டோரைக் கொல்லாதீர் என்று இறைஞ்சுகிறான். கோல்லத்திடம் காட்டிய இரக்கம் அவனுள் முழுமை பெறுவது இங்கேதான். இப்பகுதி கதையின் இன்றியமையாத கூறு, தொடக்கம் முதலே திட்டமிடப்பட்டது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் குறித்திருக்கிறார். படத்தில் ஷயர் விட்டுச் சென்றபடியே பசுமையாக இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் அமர்ந்து பருகுகிறார்கள். மலைப்படியில் நல்லவரின் குற்றம் துடைக்கப்பட்டது. இங்கே நல்லவரின் இழப்பு துடைக்கப்பட்டது. இரண்டும் ஒரே கையின் வேலை. அப்படித் துடைத்தும் எஞ்சிய சிறு துயரத்தைக்கூடப் பொறுக்க மாட்டாமல்தான் நாம் இருக்கையை விட்டு எழுந்தோம். அந்தப் படத்துக்கு 2004இல் பதினொரு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. டோல்கீனின் மகன் கிறிஸ்டஃபர் 2012இல் பிரெஞ்சு நாளேடு ஒன்றுக்கு அளித்த பேட்டியில், தம் தந்தையின் நூலை இளைஞருக்கான சண்டைப் படமாக்கிவிட்டனர் என்று நொந்துகொண்டபோது அவரைச் சிடுமூஞ்சிக் கிழவர் என்றனர். அவர் கூற்றில் கசப்பு மிகுதி, பொய் மிகுதியில்லை.

பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் எண்ணிச் சரிபார்க்கும் இந்த வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் கண்டுவிட்டோம். 2012 முதல் 2014 வரை 'தி ஹாபிட்' என்ற சிறு நூல் மூன்று படங்களாக ஊதப்பட்டபோது, நூலில் இல்லாத டாரியல் என்ற பாத்திரத்தைச் சேர்த்ததே பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. 2022இல் டோல்கீன் உலகை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் வந்தபோதோ, கறுப்பின நடிகர் எல்ஃபாக வரலாமா என்ற வசைமாரி பொழிந்தது. மூலத்தைக் காப்பாற்றுகிறோம் என்பதே வசைபாடியவர் பலர் போர்த்திக்கொண்ட போர்வை. வெறுக்கத்தக்க ஓர் உயிரிடம்கூட இரக்கம் காட்டு என்று ஆயிரம் பக்கங்களில் மன்றாடிய நாவலின் பெயரால் இது நடந்தது. நூலின் எழுத்தைக் காத்து அதன் பொருளைக் கொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழியைத் திரைப்படத் துறைமீது போட்டுவிட்டு நாம் கைகழுவ இயலாது. இத்தகைய வாசிப்பைப் பயிற்றுவிப்பவர் நாமே. வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று வினா எழுதி வருகிறோம். யார், யாரிடம், எப்போது கூறியது என்று மாணவர் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் இட்டுவிடுகிறோம். பொருள் விளக்கம் என்ற பகுதியில் உரைநூலின் இரண்டு வரிகள் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அந்த மாணவர்தாம் பின்னர் பார்வையாளர் ஆகிறார்கள். கூட்டங்களில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். அவர்கள் நம்மிடமிருந்து கற்றதையே செய்கிறார்கள்.

ஆகவே, அடுத்து எந்த அருமையான நாவல் திரைக்கு வந்தாலும் ஓர் ஒழுங்கை நமக்கு நாமே விதித்துக்கொள்வோம். எது விடுபட்டது என்ற பட்டியலைச் சட்டைப்பையிலேயே வைத்துவிடுவோம். இந்நூலில் நம்மை உறங்கவிடாத பக்கம் எது என்று முதலில் நம்மையே கேட்போம். அந்தப் பக்கம் படத்தில் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் ஆயிரம் பாம்படில்களை மன்னிக்கலாம். இல்லையென்றால், எல்லாப் பெயர்களும் எல்லா ஊர்களும் வரிசை பிசகாமல் வந்தாலும் மன்னிக்கலாகாது. நமக்கு அந்தப் பக்கம், மலைப்படியில் உறங்கும் ஒருவனின் முழங்காலைத் தயங்கித் தயங்கித் தொட்ட அந்தக் கை. அதைத் தட்டிவிட்டது சாமின் கடுஞ்சொல். பின்னர் அது திரையிலிருந்தே காணாமற் போனபோது கவனிக்காதிருந்தவர் நாம்.